ஏழாவதோடு நின்றேன், வயது 37: பரீட்சையா, தையலா, எதை முதலில் பிடிப்பது?

தாமிரபரணிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீரவநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. மகள் போனில் இருந்து எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கிறாள், எழுத்துப்பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

ஏழாவது முடித்தேன். எட்டாவது திறந்தபோது எனக்குப் பையை எடுத்துத் தரவில்லை, மடியில் சொளவை (முறத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) வைத்தார்கள். அன்றிலிருந்து பீடிதான். இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, சாயங்காலம் கடையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். கணக்குப்பிள்ளை நாலு கட்டைப் பிரித்து விரலால் நசுக்கிப் பார்ப்பார். ‘இது தளர்ச்சி, இது கட்டை’ என்று கழிப்பார். கழித்ததற்குக் கூலி கிடையாது. அதுகூடப் பழகிவிட்டது. இப்போது இலையையே குறைத்துத்தான் போடுகிறார்கள். ஆயிரத்துக்குக் கேட்டால் ஐந்நூறுக்குத் தருகிறார்கள். வாரத்தில் பாதி நாள் ‘சரக்கு வரல, நாளைக்கு வா’. வீட்டுக்காரர் கொத்தனார். ஐப்பசி, கார்த்திகையில் அவருக்கும் வேலை இருக்காது.

எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு உதவியாளர் எடுக்கிறார்கள் என்று விசாரிக்கப் போனேன். பத்தாவது தேர்ச்சி கேட்டார்கள். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டுமாம். வயது இருக்கிறது, படிப்பு இல்லை. இன்னும் மூன்று வருஷம் போனால் வயதும் இருக்காது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பரீட்சை எழுதிப் பத்தாவது வரைக்கும் வந்துவிடலாமா, அல்லது தையல் மாதிரி ஒரு கைத்தொழிலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இரண்டு யோசனை. பகல் முழுக்க வெளியே போக முடியாது. பெரிய பணம் கட்டவும் முடியாது. மகளிர் குழுவில் இருக்கிறேன். டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் அம்பையோ சேர்மாதேவியோ போய் வருவது கஷ்டமில்லை. ‘இந்த வயசில் உனக்கு என்னத்துக்குப் படிப்பு’ என்று கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது, அதனால் இங்கே யாரும் அதைக் கேட்க வேண்டாம். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வு வாத்தியார் எழுதியது:

அம்மா, முதலில் எட்டாவது. அதற்கு நீங்கள் எந்தப் பள்ளியிலும் சேர வேண்டாம். அரசுத் தேர்வுகள் இயக்ககமே தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை நடத்துகிறது. பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும். மேல் வயதுக்கு வரம்பு இல்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், ஐந்து தாள். அறிவிப்பு வந்ததும் அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போய்ப் பதிய வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பள்ளிப் பதிவுத்தாள், பிறப்புச் சான்றிதழ் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் நகல் கேட்பார்கள். மூன்றும் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

எட்டாவது தேறிய பிறகு பத்தாவதையும் தனித்தேர்வராகவே எழுதலாம். அங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறைக்குத் தனியாகப் பெயர் பதிந்து, ஒதுக்கும் பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். எண்பது சதவீதம் வருகை இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டார்கள். எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தால்தான் தேர்ச்சி. இந்தப் பதிவு, தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்னாலேயே முடிந்துவிடும். நான் வேலை பார்த்த பள்ளிக்குத் தேர்வு விண்ணப்பத்தோடு மட்டும் வந்து, ‘செய்முறையா, அது எப்போ சார்?’ என்று கேட்டு நின்றவர்களை வருஷா வருஷம் பார்த்தேன். நாலு பாடத்தில் தேறி அறிவியல் மட்டும் நிற்கும். அதற்காக இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் நேரடியாகப் பத்தாவது எழுதும் வழியும் உண்டு, தமிழிலேயே எழுதலாம். ஆனால் உங்கள் கண் அங்கன்வாடி மாதிரி மாநில அரசு வேலையில் இருப்பதால், மாநில வாரியத்துத் தனித்தேர்வுதான் வம்பில்லாதது என்பேன்.

புத்தகம் வாங்க வேண்டாம். பாடநூல் கழகத் தளத்தில் எல்லாம் இலவசம். தெருவில் ஒன்பதாவது போன பிள்ளை ஏதாவது பழசை வீட்டில் வைத்திருக்கும். கணக்கைக் கண்டு மிரள வேண்டாம். ஆயிரத்துக்கு இத்தனை என்றால் எழுநூற்று முப்பதுக்கு எவ்வளவு என்று கணக்குப்பிள்ளையை முந்திச் சொல்கிறவர்கள் நீங்கள். விகிதமும் சதவீதமும் அதுதானே. ஆங்கிலத்துக்குத்தான் தினமும் உட்கார வேண்டும். மகளை வாத்தியார் ஆக்குங்கள்.


மேலப்பாளையத்தான் எழுதியது:

வாத்தியார் சொன்னதோடு ஒன்று. ‘மூன்றே மாதத்தில் பத்தாவது, பரீட்சைக்கு வரவே வேண்டாம்’ என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். எங்கள் மதினி ஒரு தனியார் நிலையத்தில் பணம் கட்டினார்கள். சிங்க முத்திரை மாதிரி ஒன்று, கண்ணைப் பறிக்கும் ஹாலோகிராம், வடநாட்டில் ஏதோ ஒரு வாரியத்தின் பெயர். அதைக் கொண்டுபோய் வேலைக்குக் கொடுத்தபோது, எடுத்துப் பார்த்தவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, திருப்பித் தந்துவிட்டார். திரும்பிப் போனால் நிலையத்தில் ‘நாங்க கோச்சிங்தான் குடுத்தோம்’ என்கிறார்கள். பணம் போனது போனதுதான்.

பத்தாவது, பன்னிரண்டாவது இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரிக்குச் சேர்த்துவிடுகிறேன் என்றும் சிலர் வருவார்கள். அந்த டிகிரி இங்கே அரசு வேலைக்குச் செல்லாது. பத்து, பிளஸ் டூ, அப்புறம்தான் பட்டம். வரிசை மாறினால் கஷ்டப்பட்டுப் படித்ததும் வீண்.


அம்பை டெய்லரக்கா எழுதியது:

தங்கச்சி, வாத்தியார் பரீட்சையைச் சொல்லிவிட்டார், நான் தையலைச் சொல்கிறேன். அம்பையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். நானும் பீடி சுற்றினவள்தான். அதனால் உன் கையைப் பற்றி எனக்குத் தெரியும். வருஷக்கணக்காகக் கத்தரி பிடித்து இலையை அளவு பிசகாமல் வெட்டின கை. தையல் வகுப்பில் மற்றவர்களுக்கு அது வரவே பாதி நாள் ஆகும்.

காசு கட்டிப் போகாதே. ஆர்செட்டி என்று மாவட்டத்துக்கு ஒரு சுயதொழில் பயிற்சி நிலையம் இருக்கிறது, வங்கி நடத்துவது. கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கம் உஜிரேயில் 1982இல் இப்படி ஒன்று ஆரம்பித்தார்களாம், அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். தையல் ஒரு மாதப் பயிற்சி, இலவசம், சாப்பாடும் போடுவார்கள். 18 வயதிலிருந்து 45 வரை தாராளமாகச் சேர்ப்பார்கள். படிப்பு கேட்டு விரட்ட மாட்டார்கள். நீ குழுவில் இருப்பதால் மகளிர் திட்டத்தின் ஒன்றிய அலுவலகத்திலேயே பெயர் கொடுக்கலாம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டாம்.

ஆனால் ஒன்று புரிந்துகொள். ஒரு மாதத்தில் டெய்லர் ஆக முடியாது. எங்களுக்கு முதலில் துணியையே கண்ணில் காட்டவில்லை, பழைய செய்தித்தாளில்தான் கோடு போட்டு வெட்டச் சொன்னார்கள். கை வளைவு இருக்கிறதே, அங்கேதான் பிளவுஸின் உயிர். அரை இஞ்ச் குறைத்துக் குடைந்தால் கையைத் தூக்கிக் குடத்தை இடுப்பில் வைக்க முடியாது, அக்குளில் பிடிக்கும். அரை இஞ்ச் கூடினால் தோளில் நிற்காமல் சரியும். காகிதத்தில் வெட்டி, குண்டூசி குத்தி, தோளில் வைத்துப் பார்த்து, கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி. முடிக்கும்போது ஒரு சாதா பிளவுஸ், ஒரு பாவாடை, ஒரு நைட்டி தைக்க வரும். அவ்வளவுதான்.

மிச்சத்தை ஒரு கடையில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். எண்பது சென்டி பிட்டைக் கொண்டுவந்து கொடுத்து, நாற்பது சுற்றளவு உடம்புக்கு முழங்கை வரை கை வைத்துத் தைத்துத் தா என்பார்கள். சாதாரணமாக மடித்துப் போட்டால் கைக்குத் துணி போதாது. துணியைத் திருப்பி, முதுகை ஒரு ஓரத்தில் தள்ளி, பட்டியை ஒட்டுப் போட்டு எடுக்கத் தெரிய வேண்டும். பயிற்சியில் அளந்து வாங்கின துணிதான் தருவார்கள், அதனால் இது அங்கே வராது. பயிற்சி முடிந்ததும் யாராவது ஒரு டெய்லரிடம் ஊக்கு வைக்க, ஹெம்மிங் போட, ஃபால்ஸ் அடிக்கப் போ. கூலி குறைச்சலாகத்தான் தருவார்கள். கண் அங்கே மேஜை மேல் இருக்க வேண்டும்.

ஆரி ஒர்க், ஆரி ஒர்க் என்று இப்போது எல்லாப் பெண்களும் ஓடுகிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது முகூர்த்த மாசத்துத் தொழில். கிராமத்தில் வருஷம் பூரா வருவது பழைய சுடிதாரைப் பிடித்துத் தருவது, ஜிப் மாற்றுவது, நைட்டி, பள்ளிக்கூட யூனிபார்ம். அப்புறம் ஊர்க் கோயில் கொடைக்கு, தீபாவளிக்கு, கிறிஸ்துமஸுக்கு மூச்சு விட முடியாது. ஆடியில் ஈ ஓட்டலாம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இறங்கு.

மெஷினுக்கு உடனே கடன் வாங்காதே. பழைய மிதி மெஷின் ஒன்று பார், காலில் பழகு. மோட்டாரை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.


தாமிரபரணிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்கள் கை வளைவைப் பற்றி எழுதியதை மகள் சத்தமாகப் படித்தாள். பக்கத்து வீட்டு மதினி தன் பிளவுஸைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்குத் தைத்தவர் கூட்டிக் குடைந்தவர் போல.

வாத்தியாரிடம் கேட்க இரண்டு விஷயம். எனக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. வீட்டில்தான் பிறந்தேன், யாரும் பதியவில்லை. டி.சி.யும் வாங்கவில்லை. படித்த பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறது, ஹெச்.எம். மட்டும் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்துப் போனால் தருவார்களா?

இன்னொன்று எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு. அறுபது தாண்டிவிட்டது. பேங்கில் கைநாட்டுதான். நான் படிக்கப் போகிறேன் என்றதும் முதலில் முணுமுணுத்தது அவர்கள்தான், ‘சோறு பொங்கவா பரீட்சை’ என்று. இப்போது ராத்திரி மகளிடம் போய், என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது வகுப்பு உண்டா?

ஒரு பயமும் இருக்கிறது. பீடியை விட்டுவிட்டால் பீடித் தொழிலாளி அட்டை போய்விடுமா? மகளுக்கு அந்த அட்டையை வைத்துத்தான் ஸ்காலர்ஷிப் வருகிறது.


பேட்டை வெல்டர் எழுதியது:

பேட்டை ஐடிஐயில் படித்தவன் நான், இப்போது சொந்தப் பட்டறை. அரசு ஐடிஐயில் ஆண்களுக்குத்தான் 40 வயது வரம்பு. பெண்களுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. பல பேருக்கு இது தெரியாது. எட்டாவது தேறினால் வெல்டர், வயர்மேன், பிளம்பர், தையல் தொழில்நுட்பம் இதெல்லாம் சேரலாம். வெல்டர் ஒரு வருஷம், வயர்மேன் இரண்டு வருஷம். படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், யூனிபார்ம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. முடித்தால் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ். ஒரு மாதப் பயிற்சிக்கும் அதற்கும் ரொம்ப வித்தியாசம்.

எட்டாவது இல்லாவிட்டால் லோனே கிடைக்காது, அதற்காகவாவது பரீட்சையை முடியுங்கள் அக்கா.


அம்பை டெய்லரக்கா எழுதியது:

தம்பி, ஐடிஐ நல்லதுதான். ஆனால் இவள் பகல் முழுக்க வெளியே போக முடியாது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறாள். காலையில் போய்ச் சாயங்காலம் வரும் படிப்பு வருஷக்கணக்கில் என்றால் அடுப்பு எப்படி எரியும்? 750 ரூபாயிலா? பதினேழு வயதுப் பையனுக்கு உன் யோசனை சரி.

லோன் விஷயமும் அப்படி இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் எட்டாவது கேட்பது பெரிய தொகைக்கு. உற்பத்தி என்றால் பத்து லட்சத்துக்கு மேல், சேவை என்றால் ஐந்து லட்சத்துக்கு மேல். ஒரு மெஷின், ஒரு கட்டிங் மேஜைக்கு எதற்கு அவ்வளவு? குழு மூலமாகவே வாங்கலாம்.

கலைஞர் கைவினைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 35 வயது ஆகியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், அதில் கால் பங்கு மானியம், 50,000 வரை. ஆனால் அது ஏற்கெனவே தொழிலில் இருக்கிறவர்களுக்கு. உனக்கு இப்போது பொருந்தாது தங்கச்சி. உன் வீட்டுக்காரர் கொத்தனார் என்றாயே, அவரை மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்கச் சொல். கட்டட வேலையும் அந்தப் பட்டியலில் உண்டு.


பேட்டை வெல்டர் எழுதியது:

சரி அக்கா, அடுப்பு விஷயத்தில் வாதம் பண்ண மாட்டேன். ஆனால் வயர்மேன் படித்த பொம்பளை ஒருத்தி ஊரில் இருந்தால், பகலில் ஆண்கள் இல்லாத வீட்டில் ஃபேன் ரிப்பேர் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். போட்டியே இல்லாத தொழில். பத்தாவதுக்கு அப்புறமாவது யோசிக்கட்டும்.


ஓய்வு வாத்தியார் எழுதியது:

அம்மா, பள்ளியில் நிச்சயம் தருவார்கள். சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு, அது பள்ளி இருக்கும்வரை அழிக்கக் கூடாத ஆவணம். நீங்கள் எந்த வருஷம் சேர்ந்தீர்கள், அப்பா பெயர் என்ன, வீட்டில் கூப்பிடும் பெயரா பதிந்த பெயரா என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். ஹெச்.எம். யாராக இருந்தாலும் அதைப் பார்த்துத்தான் எழுதித் தர வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் போகாதீர்கள், சேர்க்கை நெருக்கடியில் அலைக்கழிப்பார்கள். போன கையோடு ஒன்றைச் சரிபாருங்கள்: பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளதும் ஒன்றுதானா? பழைய வாத்தியார்கள் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டிருப்பார்கள், நானும் போட்டிருக்கிறேன், அப்போது வழக்கம் அப்படி. வேறுபட்டால் தேர்வுக்குப் பதிவதற்கு முன்னால் ஆதாரைத் திருத்துங்கள். சான்றிதழ் வந்த பிறகு தேதியைத் திருத்துவது பெரும்பாடு.

மாமியாருக்கு: 15 வயது தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத எல்லோருக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் வகுப்பு நடக்கிறது. 2022இல் தொடங்கியது, 2027 வரை. பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே, சாயங்காலம். தன்னார்வலர்தான் நடத்துவார், சம்பளம் கிடையாது. உங்கள் ஊரில் ஆள் இல்லையென்றால் உங்கள் மகளே சொல்லித் தரலாம், தலைமையாசிரியரிடம் பெயர் கொடுத்தால் போதும். முடிவில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. 1990களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்த அறிவொளி இயக்கத்துக்காக அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு நான் பீடித் தெருக்களில் அலைந்தவன். சொளவை மடியில் வைத்தபடியே ‘பட்டா, படி’ என்று வாசிப்பார்கள், கை நிற்காது. உங்கள் அத்தை அப்போது எங்கே ஒளிந்திருந்தார்களோ!

அட்டை விஷயம்: பெற்றோரில் ஒருவர் பீடித் தொழிலாளியாகப் பதிவில் இருப்பதை வைத்துத்தான் மத்திய தொழிலாளர் நலத்துறை அந்த உதவித்தொகையைத் தருகிறது. மகள் படிப்பு முடியும்வரை பீடியைக் குறையுங்கள், அறவே விடாதீர்கள். பி.எஃப். கணக்கும் ஓடட்டும்.


தாமிரபரணிக்காரி எழுதியது:

ஜூன் தேதிதான் சார்! ஆதாரில் ஜூன் ஒன்று. அம்மா என்னைப் பெற்றது மார்கழி என்று சொல்வாள். சரி, இரண்டிலும் ஒரே தேதி இருந்தால் மார்கழியை விட்டுவிடுகிறேன்.

இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அங்கேயே அத்தை பெயரையும் கொடுத்துவிடுகிறேன், மகள் சொல்லித் தர ஒத்துக்கொண்டாள், ‘அடிப்பேன்’ என்று இப்போதே மிரட்டுகிறாள். எட்டாவதை வீட்டிலிருந்தே படிக்கிறேன். ஆர்செட்டி ஐப்பசிக்குப் பிறகு, அவருக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது. அப்போது அடுப்பை அவர் பார்க்கட்டும், டெய்லரக்கா சொன்னதை அப்படியே வாசித்துக் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை, அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வெல்டர் தம்பி, கோபிக்க வேண்டாம், வயர்மேன் படிப்பை மகள் குறித்து வைத்திருக்கிறாள்.

அக்கா, ஊக்கு வைக்க, ஹெம்மிங் போட ஆள் வேண்டுமா உங்களுக்கு?


அம்பை டெய்லரக்கா எழுதியது:

வா. வெள்ளிக்கிழமை கடை அடைப்பு, மற்ற நாளில் மத்தியானம் வா, கூட்டம் இருக்காது. சொந்தக் கத்தரி கொண்டு வா. என் கத்தரியை யாருக்கும் தரமாட்டேன். இலை வெட்டுகிற அதே கத்தரியைக் கொண்டுவராதே, துணியில் கறை பிடிக்கும்.